ஜிலேபிக்கும் ஒரு சொந்த ஊர் உண்டு

போன பதிவுக்குக் கீழே முழங்கால் வலி பற்றி விசாரித்த எல்லோருக்கும் நன்றி. வலி இருக்கிறது, நானும் இருக்கிறேன். இன்றைக்கு எழுதப்போவது கொஞ்சம் நீளம். கடைசி பெஞ்சுக்காரர்கள் பாதியில் எழுந்து போகலாம், அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டேன்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பெயர் சொல்லப்போவதில்லை, அவனே இதைப் படிப்பான். தோட்டத்தில் தார்ப்பாய்த் தொட்டி போட்டு கிஃப்ட் திலாப்பியா வளர்க்கிறான். நன்றாகவும் செய்கிறான். "டீச்சர், இந்தத் தடவ குஞ்சு நெறைய மிச்சமாயிருச்சு. நம்ம ஏரியும் நெறஞ்சு கெடக்குது. ஒரு அஞ்சாயிரம் குஞ்சு விட்டா ஊருக்கே புண்ணியமாப் போகும். மொத வாளிய நீங்கதான் வந்து ஊத்தணும்" என்றான்.

கேட்டதும் மனசு குளிர்ந்துதான் போனது. வயசான காலத்தில் நம்மை ஞாபகம் வைத்து ஒருவன் கூப்பிடுகிறானே என்று. "யோசிச்சுச் சொல்றேன் கண்ணு" என்று வைத்துவிட்டேன். அப்புறம் இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் இதே ஏரியில் இதே மாதிரி ஒரு வாளியை நான் ஏற்கெனவே ஒருமுறை ஊற்றியிருக்கிறேன்.

1988. நான் வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருஷம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு, பக்கத்து ஊர்க் குட்டையிலிருந்து பிடித்த ஜிலேபிக் குஞ்சுகளை இரண்டு பிளாஸ்டிக் வாளியில் தூக்கிப்போய் ஏரியில் விட்டோம். கொசுப் புழுவைத் தின்னும், ஏழைப் பிள்ளைகளுக்குப் புரதம் கிடைக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். படித்ததைச் செய்துபார்க்கும் வேகம். அந்தப் பதினைந்து பேரில் ஏழெட்டுப் பேராவது இதைப் படிப்பீர்கள். கை தட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா?

அன்றைக்கு அந்த ஏரியில் விரால் இருந்தது, குறவை இருந்தது, அயிரையும் ஆராலும் இருந்தன, கெளுத்தி முள் குத்தி அழுத பிள்ளைக்கு நானே மஞ்சள் அரைத்துப் போட்டிருக்கிறேன். இன்றைக்குத் தூண்டில் போட்டால் பத்துக்கு ஒன்பது ஜிலேபி. எல்லாப் பழியும் அந்த மீன் மேல் இல்லை. ஏரி பல வருஷம் காய்ந்து கிடந்தது, வயல் மருந்து முழுக்க அங்கேதான் வந்து சேர்கிறது, வரத்து வாய்க்கால் பாதி வீட்டுமனையாகிவிட்டது. "அமராவதித் தண்ணியிலயே அந்த மீன் வந்துட்டுதான் இருந்துச்சு, உன் ரெண்டு வாளிதான் கெடுத்துச்சாக்கும்" என்று எங்கள் வீட்டுக்காரர் சமாதானம் சொல்வார். இருக்கலாம். ஆனாலும் வாளியைத் தூக்கிப்போனவள் நான்தான்.

அதனால் அவனுக்குப் போனில் சொல்லவேண்டிய பதிலை இங்கே எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். என் பதில், வேண்டாம் என்பதுதான். ஆனால் "அந்நிய மீன், ஒழிக" என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. அந்த மீனைத் தெரிந்துகொண்டு பேசுவோம். முப்பது வருஷம் உயிரியல் பாடம் எடுத்தவள், ஜிலேபியைப் பற்றி ஒரு முழுப் பாடம் எடுத்ததே இல்லை.

நாம் ஜிலேபி, ஜிலேபிக் கெண்டை என்கிறோம். கெண்டைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது சிக்லிட் என்ற குடும்பம். அடுத்தமுறை மீன் வாங்கும்போது மூக்கைப் பாருங்கள். பெரும்பாலான மீன்களுக்குப் பக்கத்துக்கு இரண்டு நாசித் துளை இருக்கும். ஜிலேபிக்குப் பக்கத்துக்கு ஒன்றுதான். உடம்பின் நடுவே ஓடும் பக்கக் கோடும் அறுந்து இரண்டு துண்டாக இருக்கும். சிக்லிட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு உள்ள அடையாளம் இது. நம் நாட்டுக்கே சொந்தமான சிக்லிட்டும் உண்டு. கேரளத்தில் வாழையிலையில் வைத்துப் பொரிக்கிறார்களே, கரிமீன், அது இந்தக் குடும்பம்தான். இந்தியாவில் இயற்கையாக உள்ளவை மூன்றே இனங்கள். ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேல்.

நம் ஜிலேபி ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையோர ஆறுகளைச் சேர்ந்தது. ஜாம்பெசி ஆற்றின் கீழ்ப்பகுதி, அதில் வந்து விழும் ஷிரே ஆற்றின் அடிப்பகுதி, அதற்குத் தெற்கே லிம்போபோ, பொங்கோலா, இன்னும் இறங்கி தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில் புஷ்மன்ஸ் என்ற சின்ன ஆறு வரை அதன் நாடு. வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் 1840களில் மொசாம்பிக்கில் வருஷக்கணக்காக அலைந்து செடியும் பிராணியும் சேகரித்தார். அவர்தான் 1852-ல் இந்த மீனை உலகத்துக்கு எழுதிவைத்தார். அதனால் அதன் அறிவியல் பெயரில் மொசாம்பிகஸ் இருக்கிறது. முன்பாதி ஓரியோகுரோமிஸ். 'ஓரியோ' என்றால் மலை. ஆற்று மீனுக்கு மலைப் பெயர் எதற்கு என்று கேட்பீர்கள். அந்தப் பெயரில் முதலில் விவரிக்கப்பட்ட மீன் கிளிமஞ்சாரோ மலையடி ஏரியில் கிடைத்தது, அவ்வளவுதான். திலாப்பியா என்ற சொல்லோ அந்த ஊர் மக்களுடையது. தென்னாப்பிரிக்காவில் ட்ஸ்வானா மொழியில் மீனுக்கு உள்ள பொதுப் பெயரைக் கேட்டு, ஆண்ட்ரூ ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1840-ல் அதை லத்தீன்போல ஆக்கினார். நாம் 'திலாப்பியா மீன்' என்று சொல்லும்போது 'மீன் மீன்' என்கிறோம்.

அந்த ஆறுகளை மனசில் கொண்டுவாருங்கள். மழைக்காலத்தில் கரை தெரியாமல் விரியும், கோடையில் ஒடுங்கி, கரையோரம் குட்டை குட்டையாகத் தண்ணீரை விட்டுவிட்டுப் போகும். நடு ஆற்று வேகத்தில் இந்த மீன் நிற்காது. ஓரத்துத் தேங்கல், வெள்ளம் விட்டுப்போன குட்டை, நாணல் ஓரம், முகத்துவாரத்துக் கழி, இவைதான் அதற்கு இடம். தண்ணீரில் முதலை, டைகர் மீன், பெரிய கெளுத்தி. மேலே மீன்கழுகு, கொக்கு, மீன்கொத்தி. வற்றிக்கொண்டே வரும் குட்டையில் பிராணவாயு குறையும், சூடு ஏறும், உப்பு கூடும். கடலோரத்தில் ஒரு நாள் நல்ல தண்ணீர், மறுநாள் உவர்நீர். இத்தனைக்கும் ஈடுகொடுத்துத்தான் அது அந்தக் குணங்களைப் பெற்றது. நம் ஊரில் நாம் "எதுலயும் பொழைக்கும், சாவே கெடையாது" என்று அலுத்துக்கொள்கிறோமே, அவையெல்லாம் அந்த ஆறுகள் சொல்லிக்கொடுத்த பாடம்.

உப்பு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். கடல் நீரில் ஆயிரத்துக்கு முப்பத்தைந்து பங்கு உப்பு. அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் உப்பு ஏறிய நீரில்கூட இந்த மீன் உயிரோடு இருந்ததாகப் பதிவு உண்டு. உப்பை வெளியே தள்ளுவதற்கென்றே செவுளில் தனிச் செல்கள் இருக்கின்றன. அந்தச் செல்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன என்று 1980களின் தொடக்கத்தில் உறுதியானதே இந்த மீனின் செவுள் மூடியின் உள்தோலை வைத்துத்தான். அதற்குப் பயம் ஒன்றே ஒன்று, குளிர். தண்ணீர் பத்து டிகிரி வாக்கில் இறங்கினால் செத்து மிதக்கும். அதிலும் பாருங்கள், கொஞ்சம் உப்புக் கலந்த நீரில் இருந்தால் குளிரைக் கூடுதலாகத் தாங்கும். தெற்கே அத்தனை தூரம் அது இறங்கிப்போக முடிந்ததற்கு முகத்துவாரத்து உவர்நீர் ஒரு காரணம்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். தண்ணீர் சூடேறும் பருவத்தில் ஆண் மீனின் நிறம் மாறும். உடம்பு கரிபோலக் கருக்கும், கீழ்த்தாடையும் தொண்டையும் வெள்ளையாகும், முதுகுத் துடுப்பும் வாலும் ஓரத்தில் சிவக்கும். ஆழமில்லாத மணல் தரையில் வாயால் மண்ணை அள்ளி அள்ளித் துப்பி வட்டில்போல ஒரு குழி பறிக்கும். பக்கத்திலேயே இன்னொரு ஆண், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஏரித் தண்ணீர் இறங்கும்போது கரையோரச் சேற்றில் வட்ட வட்டமாகப் பள்ளம் தெரியுமே, எருமைக் குளம்பு என்று நினைத்திருப்பீர்கள். பாதி அதுதான்.

குழியைக் காக்கும் ஆண்கள் ஒன்றோடொன்று வாய் கவ்விச் சண்டை போடும். சண்டையில் ஜெயிக்கிற பெரிய ஆண் ஒரு காரியம் செய்யும், வகுப்பில் சொன்னால் சிரித்திருப்பீர்கள் என்றுதான் சொல்லவில்லை. சிறுநீரை அடக்கிவைத்து, பெண் வரும்போதும் எதிரி வரும்போதும் விட்டு விட்டுப் பீய்ச்சும். அதில் கரைந்துள்ள வாசனைப் பொருள்தான் "நான் யார் தெரியுமா" என்ற அறிவிப்பு. போர்ச்சுகல் நாட்டு ஆய்வாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். உறுமல் மாதிரி ஒரு சத்தமும் எழுப்பும்.

பெண் வந்து குழியில் முட்டையிடும். இட்ட உடனே திரும்பி அத்தனையையும் வாயில் எடுத்துக்கொள்ளும். ஆணின் வேலை அத்தோடு தீர்ந்தது; அது அடுத்த பெண்ணை எதிர்பார்த்து நிற்கும். தாய் தனியாக ஒதுங்கிவிடும். மூன்று முதல் ஐந்து நாளில் குஞ்சு பொரியும், வாய்க்குள்ளேயே. பத்துப் பதினான்கு நாள் கழித்துத்தான் முதல்முறை வெளியே விடும். அதுவரை தாய் சாப்பிடுவதில்லை. முட்டைக்கு நல்ல தண்ணீர் படவேண்டும் என்று வாயை மென்றுகொண்டே, உருட்டிக்கொண்டே இருக்கும். கன்னம் உப்பி, உடம்பு மெலிந்துபோன பெண் ஜிலேபியைப் பிடித்தால் வாயைத் திறந்து பார்க்கச் சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா? வெளியே வந்த பிறகும் குஞ்சுகள் தாயை விட்டுப் போகாது. நிழல் ஒன்று மேலே ஓடினால் போதும், அத்தனையும் திரும்ப வாய்க்குள் பாயும். தாயின் தலையில் கருப்பாகத் தெரியும் இடங்களை நோக்கித்தான் பாய்கின்றன என்று பொம்மைத் தலை வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்று வாரம் வாக்கில் எல்லாம் முடிந்துவிடும். ஒரு ஈட்டுக்குச் சில நூறு முட்டைதான். கெண்டை லட்சக்கணக்கில் இட்டு மறந்துவிடும். ஜிலேபி சில நூறை இட்டு வளர்த்தும் விடுகிறது. பட்டினி கிடந்து பிள்ளை வளர்த்த அம்மாக்களின் பிள்ளைகள் நம் பள்ளியில் நிறையப் படித்தார்கள். அவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

இன்னொரு குணமும் அந்த வற்றும் குட்டை தந்ததுதான். ஆற்றில் இடம் தாராளமாக இருந்தால் இந்த மீன் நிதானமாக வளர்ந்து ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாகக்கூட நீளும், மூன்று கிலோ தாண்டியதும் தூண்டிலில் சிக்கியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் அதை புளூ குர்பர் என்று ஆசையாகத் தேடிப் பிடிக்கிறார்கள். ஆனால் குட்டையில் நெருக்கடி என்று தெரிந்தால் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, உள்ளங்கை அளவிலேயே முட்டை வைக்கத் தொடங்கிவிடும். வளர்வதற்குள் தண்ணீர் வற்றிவிட்டால் என்ன செய்வது? இருக்கும்போதே வம்சத்தை அனுப்பிவிடு என்ற கணக்கு. நம் ஏரியில் உள்ள ஜிலேபி முள்ளும் தோலுமாக இருக்கிறது என்று திட்டுகிறோமே, அது அந்தக் கணக்கின் விடை.

அது எப்படி நம் ஏரி வரை வந்தது? 1939-ல் ஜாவா தீவின் தென்கரையில், ஒரு ஆற்று முகத்துவாரத்தில், முஜாயிர் என்ற கிராமத்துக்காரர் கையில் சில மீன்கள் சிக்கின. ஆப்பிரிக்க மீன் அங்கே எப்படிப் போனது என்பதற்குச் சாட்சி யாரும் இல்லை. அவர் அதை வளர்த்துப் பெருக்கினார். இந்தோனேசியாவில் இன்றும் அதற்கு அவர் பெயர்தான், முஜாயிர். போர்க்காலத்தில் பசி, எளிதாகப் பெருகும் மீன், கேட்கவா வேண்டும்? தீவு தீவாகப் பரவியது. 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. முதலில் வந்து இறங்கிய இடங்களில் நம் மண்டபமும் ஒன்று. அதே வருஷம் இலங்கைக்கும் போனது. இலங்கையில் பழைய குளங்களில் பெரிதாக மீன்பிடித் தொழில் ஒன்று எழுந்ததே இந்த மீனால்தான். இங்கே ஏழே வருஷத்தில், 1959-ல், இனி இதைப் பரப்பக்கூடாது என்று மத்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு தடை போட்டது. அதற்குள் அது தடையைப் படிக்காமல் எல்லா ஊருக்கும் போய்விட்டது. பல அணைகளில், நம் அமராவதி உட்பட, வலையில் விழுவதில் பெரும்பங்கு இதுவே என்ற நிலை வந்தது. தடை போட்டு இருபத்தொன்பது வருஷம் கழித்து ஒரு உயிரியல் டீச்சர் வாளியோடு ஏரிக்குப் போயிருக்கிறாள் என்றால், தடை எந்த அலமாரியில் இருந்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது பாதிக் கதை. மீதிப் பாதி எனக்கே பணி ஓய்வுக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த அன்று வாயடைத்துப்போனேன்.

ஐ.யு.சி.என் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் உங்களுக்குத் தெரியும், சிவப்புப் பட்டியல் வெளியிடுகிறவர்கள். அவர்களுடைய நிபுணர் குழு, உலகிலேயே மோசமான ஊடுருவல் உயிரினங்கள் நூறு என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் நம் ஜிலேபி இருக்கிறது. அதே ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலிலும் இருக்கிறது, 'அழிய வாய்ப்புள்ள இனம்' என்ற தலைப்பின் கீழ். ஒரே மீன், இரண்டு பட்டியல். உலகம் பூராவும் ஒழிக்க முடியாமல் திணறுகிற மீன், தன் சொந்த ஆற்றில் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது.

காரணம் அதன் ஒன்றுவிட்ட சொந்தம். நைல் திலாப்பியா. எகிப்தியர்கள் கல்லறைச் சுவரில் வரைந்துவைத்த மீன் அது. நைல் ஆற்றிலும் மேற்கு ஆப்பிரிக்க ஆறுகளிலும் வாழ்ந்தது. வால் துடுப்பில் மேலிருந்து கீழாக வரிவரியாகக் கோடு இருந்தால் அது நைல். ஜிலேபியைவிட வேகமாக வளரும், அதனால் பண்ணைக்காரர்களுக்குச் செல்லப்பிள்ளை. லிம்போபோ, ஜாம்பெசிப் பக்கம் பண்ணைகளுக்குக் கொண்டுவந்தார்கள். பண்ணை என்றால் தப்பிக்கும், வெள்ளம் என்றால் கரை உடையும். ஆற்றுக்குள் போன நைல், ஜிலேபியோடு கலந்தது. லட்சக்கணக்கான வருஷம் ஒன்றையொன்று பார்க்காமல் வளர்ந்த இரண்டு இனங்கள். பார்த்தபோது விலகி நிற்க அவற்றுக்குத் தெரியவில்லை. பிறக்கும் கலப்புக் குஞ்சும் மலடு இல்லை, அதுவும் முட்டை வைக்கும். சில தலைமுறையில் ஆற்றில் மீன் இருக்கும், ஜிலேபி இருக்காது. மீன் செத்து மிதந்தால் ஊர் கூடும். இதில் எதுவும் மிதக்காது. வலையில் எப்போதும்போல மீன் விழும். சந்தையில் எப்போதும்போல விற்கும். மரபணுவைப் பார்க்கிறவருக்கு மட்டும்தான் ஒரு இனம் போய்விட்டது தெரியும்.

இப்போது போன் செய்த கண்ணுக்கு வருகிறேன். நீ வளர்க்கும் கிஃப்ட் திலாப்பியா எது தெரியுமா? 1988-ல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய தேர்வு முறையில் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி மேம்படுத்திய நைல் திலாப்பியா. லிம்போபோவில் ஜிலேபியைக் கரைத்துக்கொண்டிருக்கிறதே, அதேதான், இன்னும் வேகமாக வளரும் வடிவில். (1988, நான் வாளி தூக்கிய அதே வருஷம். இது தற்செயல்தான், ஆனாலும் உறுத்துகிறது.)

"எல்லாம் ஆண் குஞ்சு டீச்சர், பெருகாது" என்று நீ சொல்வாய். முதல் சில வாரம் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து ஆணாக்குகிறார்கள். நூற்றுக்கு நூறு ஆகாது, ஒன்றிரண்டு பெண் தப்பும். ஐயாயிரத்தில் ஒன்றிரண்டு சதவீதம் என்றாலே எத்தனை என்று நீயே கணக்குப் போடு, உனக்குக் கணக்கு நன்றாக வரும். எல்லாமே ஆண் என்றே வைத்துக்கொள். ஏரி நிறைய ஜிலேபிப் பெண்கள் இருக்கிறார்களே? குழி பறித்துக் காத்திருக்கும் பெரிய ஆணைத்தான் அவை தேடிப் போகும். உன் தொட்டி மீன் எல்லாம் பெரிய ஆண். அதற்குமேல் நான் விளக்கவேண்டுமா?

"ஏற்கெனவே ஏரி கெட்டுப்போனதுதானே, இன்னும் என்ன கெட" என்பது உன் இரண்டாவது வாதமாக இருக்கும். போன வருஷம் வெள்ளம் வந்தபோது வரத்து வாய்க்காலில் பிள்ளைகள் துணி விரித்து அயிரை பிடித்ததை நானே பார்த்தேன். கெளுத்தியும் அவ்வப்போது சிக்குகிறது. மிச்சம் இருக்கிறது கண்ணு. ஜிலேபியோடு எப்படியோ ஒண்டிக் குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்ட மிச்சம் அது. அதன் மேல் இன்னும் பெரிய, இன்னும் வேகமான ஒன்றைக் கொண்டுபோய் விட எனக்கு மனசு வரவில்லை.

சென்னையில் இருக்கும் என் தம்பி மகனிடம் இதைச் சொன்னேன். சாஃப்ட்வேர்காரன், எதற்கும் ஒரு விடை வைத்திருப்பான். "அத்தை, அங்க அழிஞ்சா என்ன, இங்கதான் கோடிக்கணக்குல இருக்கே, ஒரு லாரி அனுப்பினாப் போச்சு" என்றான். கெட்டிக்காரத்தனமான கேள்வி. ஆனால் நம்மிடம் இருப்பது ஜாவாவில் சிக்கிய அந்தச் சில மீன்களின் வழி வந்த கூட்டம். நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டு வந்த குடும்பம் மாதிரி. ஆப்பிரிக்காவில் ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒரு கூட்டம், குளிரைத் தாங்கும் தெற்கத்தி, வெப்பத்தில் வளர்ந்த வடக்கத்தி என்று. அந்த வேறுபாட்டில் நம் ஊர் ஜிலேபியிடம் இருப்பது ஒரு துளி. வீட்டுக்கு வீடு ஒரே ஒட்டு ரக நெல் இருக்கிறது என்பதற்காக, விதைநெல் எல்லாம் போனால் போகட்டும் என்று எந்த விவசாயியாவது சொல்வானா? பண்ணைக்காரர்களுக்கே நாளைக்கு அந்த மூல மீன் தேவைப்படும். உவர்நீரில் வளரும் சிவப்புத் திலாப்பியாவை உண்டாக்கியபோது உப்பைத் தாங்கும் குணத்துக்காக ஜிலேபியின் ரத்தத்தைத்தான் தேடிப்போய்க் கலந்தார்கள். கிணற்றுத் தண்ணீரெல்லாம் உப்பாகிக்கொண்டு வரும் நாட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஜிலேபி சாப்பிட்டால் அந்த நோய் வரும், இந்த நோய் வரும், அது பிளாஸ்டிக் மீன் என்று வாராவாரம் யாராவது அனுப்புகிறீர்கள். பிளாஸ்டிக் முட்டை வைத்து வாயில் அடைகாக்குமா? நல்ல தண்ணீரில் பிடித்த ஜிலேபி மற்ற மீனைப்போல ஒரு மீன். வஞ்சிரம் வாங்க வழியில்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொதித்தது அதனால்தான். அந்த வீடுகளை எனக்குத் தெரியும், நானே சாப்பிட்டிருக்கிறேன். ஏரியில் இருப்பதைப் பிடியுங்கள், நிறையப் பிடியுங்கள், குழம்பு வையுங்கள், கருவாடு போடுங்கள். பிடித்ததை இன்னொரு குட்டையில் கொண்டுபோய் மட்டும் விடாதீர்கள். தொட்டியில் அழகுக்கு வளர்த்த மீன் அலுத்துப்போய்க் கோயில் தெப்பத்தில் விடுகிறவர்களுக்கும் இதேதான்.

பண்ணை வளர்ப்பையும் நான் எதிர்க்கவில்லை. அனுமதி வாங்கி, வலை கட்டி, வெளியேறும் தண்ணீருக்கு வடிகட்டி வைத்து, கரை உடையாமல் பார்த்துக்கொண்டால் அது ஒரு நல்ல பிழைப்பு. கண்ணு, உன் தொட்டியைப் பார்க்க நான் வரத்தான் போகிறேன். ஆனால் வெள்ளக்காலத்தில் உன் தோட்டத்துத் தண்ணீர் எந்த வாய்க்காலில் போய் விழுகிறது என்று நான் கேட்கும்போது பதில் தயாராக இருக்கவேண்டும்.

மிச்சக் குஞ்சுகளுக்கு வழி சொல்லாமல் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் நியாயமில்லை. இந்தக் குழுவில் அனுமதி பெற்றுப் பண்ணை வைத்திருப்பவர்கள் குறைந்தது மூன்று பேர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். வேண்டும் என்கிறவர்கள் கீழே எழுதுங்கள், அவனிடம் பேசிவிடுகிறேன். யாரும் எடுக்காவிட்டால் உலர்த்திக் கோழித் தீவனத்தில் சேர்க்கலாம். அவன் அம்மா நாட்டுக்கோழி வளர்க்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் ஏரிக்கரையில் இருப்பேன், மதகுப் பக்கம் ஆலமரத்தடியில். வாளி கொண்டுவருகிறேன், காலி வாளி. 1988 எட்டாம் வகுப்புக்காரர்கள் ஊரில் இருந்தால் தூண்டிலோடு வாருங்கள். கன்னம் உப்பிய தாய் மீன் ஒன்று கிடைத்தால் பிள்ளைகளுக்கு வாயைத் திறந்து காட்டவேண்டும். மிச்சத்துக்கு மிளகாய் அரைத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் பயாலஜி டீச்சர்